மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாது

மூண்டு பேராய் ஒரு பயணம் வெளிக்கிடக் கூடாது எண்டு எங்கடை பக்கத்திலை சொல்லுவினம். மூண்டு பேர் சேர்ந்து போனால் போன காரியம் பிழைக்குமாம், இல்லாட்டி ஆருக்கேனும் ஏதேனும் நடக்குமாம். நான் உதுகளை ஒருநாளும் நம்பினவன் இல்லை. பல்லி சொன்னால் சிரிப்பன். ராகுகாலம் பார்த்து வேணுமெண்டே வெளிக்கிடுவன். பூனை குறுக்கை போனால், இண்டைக்குப் பூனைக்குத்தான் காரியம் சரிவராது எண்டு பகிடி விடுவன். அப்பிடிப்பட்ட நான், அறுபது தாண்டின வயசிலை, கூடப் பிறந்த அக்காவின்ரை முகத்தைப் பார்த்து, "மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாதெல்லே அக்கா" எண்டு சொன்னன். அதைத்தான் எழுதப்போறன். எழுதக் கை கூசுது.

எல்லாம் என்ரை சீனி வருத்தத்தாலை தொடங்கினது. கந்தோரிலை இருந்து ஓய்வெடுத்து ஆறு மாசம் ஆகேல்லை, நடக்கவேணும், இல்லாட்டி ஊசிதான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். உடுவிலிலை எங்கடை ஒழுங்கைக்குள்ளை நடந்து பார்த்தன். நாலு வீட்டுக்கு ஒருக்கா ஆராவது மறிச்சு "தூரமோ?" எண்டு கேட்டினம். ஒரு அலுவலும் இல்லாமல் ஒரு மனிசன் விடிய வெள்ளண நடக்கிறான் எண்டால் எங்கடை சனத்துக்குப் பிடிபடாது. வீட்டிலை ஏதும் சண்டையோ எண்டுகூட ஒருத்தர் என்ரை மனிசியிட்டைக் கேட்டவர். அதாலை நானும் மனிசியும் ஞாயிற்றுக்கிழமையளிலை மோட்டச்சைக்கிளிலை எங்கையேனும் போய், அதை ஒரு மரத்தடியிலை விட்டிட்டு, எங்களைத் தெரியாத இடத்திலை நடக்கத் தொடங்கினம்.

மாரியும் விட்டு, தைப்பனியும் போனபிறகு மாசி பங்குனியிலை எங்கடை நாடு இருக்கிற இருப்பே வேறை. வெயில் இன்னும் சுடத் தொடங்கியிராது. அரிவு வெட்டின வயல் முழுக்க வைக்கோல் மணக்கும். வேம்பு பூத்துக் கொட்டி ஒழுங்கையெல்லாம் வெள்ளையாய்க் கிடக்கும். ஒரு ஞாயிறு அளவெட்டிப் பக்கத்துத் தோட்டவெளியிலை நடந்தம், ஏதோ ஒரு வீட்டுக்குள்ளை இருந்து நாதஸ்வரம் பழகுற சத்தம் வெங்காயப் பாத்தி முடியுமட்டும் கூட வந்தது. இன்னொரு ஞாயிறு தொண்டைமானாத்திலை, வள்ளங்கள் கட்டிக்கிடக்கிற இடத்தைத் தாண்டி, கடலேரிக் கரை வரம்பாலை. அறுபது வருசம் இந்த மண்ணிலை இருந்திட்டு, இப்பதான் அதைப் பார்க்கிறன் எண்டு எனக்கு மனம் கொள்ளாத புளுகம். சித்திரை பிறந்து கொஞ்ச நாளிலை வெயில் ஏறி அந்தச் சுகம் முடிஞ்சிடும். அதுக்குள்ளை ஒரு ஞாயிறையும் நாங்கள் விடுறேல்லை.

அக்கா எங்களோடைதான் இருக்கிறா. எனக்கு ஏழு வயசு மூப்பு, கலியாணம் கட்டேல்லை. நான் படிச்சதும் உத்தியோகம் எடுத்ததும் அவ தோட்டத்திலை வெங்காயம் நட்ட காசிலை. உதை நான் ஊர்க் கூட்டங்களிலை எழும்பி நிண்டு சொல்லுவன், வீட்டிலை சொல்லுறேல்லை. ஞாயிறு விடிய அவதான் முதல் எழும்பி, புட்டவிச்சு, முட்டை பொரிச்சு, வாட்டின வாழையிலையிலை கட்டித் தருவா. சுடுதண்ணிப் போத்தலுக்கை தேத்தண்ணியும் ஊத்தி வைப்பா. நாங்கள் போக, கேற்றைச் சாத்திப்போட்டுப் போய் முத்தத்தைக் கூட்டுவா.

முதல் வருசம் ஒருக்கா அவவையும் கூட்டிக்கொண்டு போனன்தான். என்னோடை கந்தோரிலை வேலை செய்த ஆக்கள் சேர்ந்து ஒரு வான் பிடிச்சு மணற்காட்டுக்குப் போனம். மணல் மேடெல்லாம் ஏறி இறங்கி, கடலைப் பார்த்து, சாப்பிட்டிட்டு வாறதெண்டு திட்டம். அக்கா கையிலை ஒரு உரப்பையை மடிச்சுக் கொண்டு வந்து ஏறினா. எனக்கு அப்பவே விளங்கியிருக்கவேணும். அவவுக்குச் சும்மா நடக்கத் தெரியாது. நடந்தால் ஏதேனும் பொறுக்கிக்கொண்டுதான் நடப்பா, அடுப்பெரிக்கக் கொக்காரையோ, பன்னாடையோ, காய்ஞ்ச சாணியோ. வாழ்நாள் முழுக்க வெறுங்கையோடை வீடு திரும்பாத மனிசி.

வழியிலை ஒரு வைரவர் கோயிலடியிலை வானை நிப்பாட்டினம். அங்கை நிண்ட வேம்பு பூத்துக் குலுங்குது. அக்கா இறங்கினதுதான் தாமதம், இடுப்பிலை செருகியிருந்த துண்டை உதறி விரிச்சா. விரிச்சுப்போட்டு, எனக்கு மேலதிகாரியாய் இருந்தவரின்ரை மனிசியைப் பார்த்து, "பிள்ளை, இந்தத் தலைப்பை ஒருக்காப் பிடி, நான் கொப்பை உலுப்புறன். வடகத்துக்கு இதைவிடத் திறமான பூ எங்கையும் கிடையாது" எண்டா. அந்தம்மாவும் சிரிச்சுக்கொண்டு பிடிச்சா. உண்மையைச் சொல்லவேணும், அவவுக்கு அது நல்ல விருப்பமாய்த்தான் இருந்தது. அக்கா செருப்பைக் கழட்டிப்போட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொப்பை உலுப்ப, தலையெல்லாம் பூ. வானுக்கை இருந்த ஒருத்தர், "உங்கடை அக்கா சுற்றுலாவுக்கு வரேல்லை, அறுவடைக்கு வந்திருக்கிறா" எண்டார். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். ஆரையும்விடப் பெலத்துச் சிரிச்சவன் நான்தான். அக்கா அங்கையிருந்து திரும்பி என்னை ஒருக்காப் பார்த்திட்டு, பூவைக் கூட்டி அள்ளி உரப்பைக்குள்ளை போட்டா.

அண்டையோடை எனக்குள்ளை ஒரு முடிவு. இனி இவவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுறேல்லை.

அந்த வருசம் சாட்டுத் தேடவேண்டி இருக்கேல்லை. மோட்டச்சைக்கிளிலை ரெண்டு பேர்தானே போகலாம். அடுத்த வருசம் மாசியிலை நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினம். கார் வந்து முதல் ஞாயிறு, நான் வெளியாலை வாறன், கேற்றடியிலை அக்கா நிக்கிறா. முழுகி, தலை ஈரம் காயாமல் முடிஞ்சு, கோயிலுக்கு உடுக்கிற நூல்சீலை உடுத்திருக்கிறா. கையிலை ஒரு சின்னப் பை. உரப்பை இல்லை. அதை நான் கவனிச்சன். உரப்பை வேண்டாமெண்டு வைச்சிட்டு வந்திருக்கிறா எண்டது எனக்கு வடிவாய் விளங்கினது. விளங்கியும்தான் சொன்னன்.

"மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாதெல்லே அக்கா."

அவ அந்தப் பையைக் கக்கத்துக்குள்ளை செருகினா. பிறகு, "ஓமோம். உதை நான் மறந்துபோனன். நீங்கள் போட்டு வாங்கோ" எண்டு சொல்லி, எங்களுக்காகக் கேற்றைத் திறந்து விட்டா.

சந்தி மட்டும் மனிசி கேற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தா. பிறகு கேட்டா, "நீங்கள் எப்ப தொடக்கம் உதெல்லாம் பார்க்கிறனீங்கள்?"

"சும்மா இரும்" எண்டன்.

அவ சும்மா இருந்தா. எனக்கு அதுவும் வசதியாய்ப் போச்சு. பின்னேரம் நாங்கள் திரும்பி வரேக்கை அந்த நூல்சீலை மடிச்சுக் கொடியிலை கிடந்தது. அக்கா பழைய சீலையோடை கிணத்தடியிலை பாத்திரம் மினுக்கிக்கொண்டு நிண்டா.

அதுக்குப் பிறகு அவ கேற்றடிக்கு வெளிக்கிட்டு வரேல்லை. ஆனால் நாங்கள் வந்தவுடனை விசாரிப்பா. எவ்வளவு தூரம் நடந்தனீங்கள், தண்ணி வத்திப் போச்சோ, சனம் நிண்டதோ. நான் ஒரு சொல்லிலை மறுமொழி சொல்லுவன். தொண்டைமானாத்துக் கடலேரியிலை ரோசாப்பூ நிறத்திலை நீளக்கால் பறவையள் ஆயிரக்கணக்கிலை வந்து நிண்ட ஞாயிறு மட்டும், எனக்கே வாய் பொறுக்காமல் போனிலை எடுத்த படத்தைக் காட்டினன். அக்கா கையைச் சீலையிலை துடைச்சுப்போட்டுப் போனை வாங்கினா. கனநேரம் வைச்சுப் பார்த்தா.

"தொண்டைமானாத்துச் சன்னதிக்கு எத்தினை தரம் போயிருப்பன்" எண்டா. "கோயிலைக் கும்பிட்டிட்டு வாறதுதான். அங்காலை உப்பிடி ஒண்டு நிக்குதெண்டு தெரியாது. உதுகளைக் கிட்டப் போய்ப் பார்க்கேலுமோ?"

"கிட்டப் போறதெண்டால் வரம்பாலை ஒரு மைல் நடக்கவேணும்."

"உதுகளை ஒருக்காப் பார்க்கவேணும் தம்பி. முழங்கால் நோகத் தொடங்கியிட்டுது. இந்த வருசம் நடப்பன். வாற வருசம் தெரியாது."

"பார்ப்பம்" எண்டன். எங்கடை வீடுகளிலை பார்ப்பம் எண்டு சொன்னால் என்ன கருத்தெண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா போனைத் தந்திட்டு, அடுப்படிக்குப் போனா.

மூண்டாம் வருசம் நான் செய்ததுதான் எல்லாத்திலும் பெரிய சீர்கேடு. என்னோடை வேலை செய்த ஒருத்தர், அவருக்கும் சீனி வருத்தம், நானும் வரட்டோ எண்டு கேட்டார். வாரும் எண்டு உடனை சொல்லிப்போட்டன். சொல்லிப்போட்டுத்தான் அக்காவின்ரை நினைப்பு வந்தது. மனிசியும் நானும் அவரும் எண்டால் மூண்டு பேர். வீட்டை வந்து ஏறினால் அக்கா எண்ணிப்போடுவா. அதாலை அவரைச் சந்தியிலை, வாசிகசாலைக்கு முன்னாலை நிக்கச் சொன்னன். அங்கை ஏத்தி, திரும்பி வரேக்கையும் அங்கையே இறக்கி விட்டன். அறுபது தாண்டின கிழவன், கள்ளன் மாதிரி, கூடப் பிறந்தவவுக்கு ஒளிச்சு ஆளேத்தித் திரிஞ்சன். மனிசி ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சந்தி வரேக்கை மற்றப் பக்கம் திரும்பிக்கொள்ளுவா.

பங்குனி நடுவிலை ஒரு ஞாயிறு, கடலேரிக் கரையிலை நடக்கேக்கை அந்த மனிசன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் சேத்துக்குள்ளை இறங்கினார். சிப்பி ஓடு உள்ளங்காலைக் கிழிச்சுப்போட்டுது. சீனி வருத்தக்காரன், ரத்தம் நிக்குதில்லை. ஒரு துணியாலை சுத்திக் காரிலை ஏத்திக்கொண்டு வந்தம். அவரின்ரை வீட்டிலை அண்டைக்கு ஒருத்தரும் இல்லை, மருந்து கட்டுற இடமும் திறக்க இன்னும் நேரம் இருந்தது. வேறை வழியில்லாமல் எங்கடை வீட்டுக்குக் கொண்டு வந்தன்.

அக்கா கேற்றைத் திறந்தா. நாங்கள் மூண்டு பேரும் இறங்கினம். அவ முதல் அந்தக் காலைத்தான் பார்த்தா. கதிரையை இழுத்துப்போட்டு அவரை இருத்தி, சுடுதண்ணியிலை காலைக் கழுவி, சுத்தமான துணியாலை இறுக்கிக் கட்டினா. அந்த மனிசனுக்கு அந்தரம் தீர்ந்து கதை வந்திட்டுது. "ஒவ்வொரு ஞாயிறும் இவையோடைதானக்கா போறனான். வாசிகசாலையடியிலை நிண்டு ஏறுவன். இண்டைக்குத்தான் இப்பிடிச் சங்கடம் குடுத்துப்போட்டன்."

நான் நிலத்தைப் பார்த்தன். மனிசி எழும்பித் தேத்தண்ணி போடப் போயிட்டா.

"ஒவ்வொரு ஞாயிறுமோ" எண்டா அக்கா.

"ஓமக்கா. மாசி பிறந்ததிலை இருந்து."

அக்கா துணியின்ரை நுனியை முடிச்சுப் போட்டா. "மூண்டு பேராய்ப் போனால் இப்பிடித்தான் தம்பி வரும்" எண்டு அவருக்குச் சொன்னா. பிறகு என்னைப் பார்த்து, "ஒரு கல்லெண்டாலும் கொண்டு போனியளே?" எண்டா.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது. மூண்டு பேராய்ப் போகவேண்டி வந்தால் அம்மா முத்தத்திலை ஒரு கல்லைப் பொறுக்கி ஒருத்தரின்ரை கையிலை தருவா. அந்தக் கல்லு நாலாவது ஆள். கல்லும் சேர்ந்தால் நாலு பேர், தோசம் இல்லை. அவ்வளவுதான் பரிகாரம். ஒரு சதச் செலவில்லை.

அக்கா உள்ளை போனா. போன வருசம் கேற்றடியிலை கொண்டு நிண்ட அந்தச் சின்னப் பையோடை வந்தா. பைக்குள்ளை ஒரு சீப்பு, ஒரு கைலேஞ்சி, மடிச்ச பொலித்தீன் பை ஒண்டு, கோழிமுட்டை அளவிலை ஒரு கல்லு. கழுவித் துடைச்ச கல்லு. அதை எடுத்து என்ரை உள்ளங்கையிலை வைச்சா.

"காருக்குள்ளை போட்டு வை. இனி நீங்கள் மூண்டு பேராய்ப் போனாலும் பயமில்லை."

அந்த மனிசன் உதைக் கேட்டு நல்ல வழக்கமெண்டு தலையாட்டினார். அவருக்கு ஒண்டும் தெரியாது. எனக்கு வெக்கத்திலை காது ரெண்டும் எரிஞ்சது. அவ எப்ப அந்தக் கல்லைப் பைக்குள்ளை வைச்சா, எத்தினை ஞாயிறு அந்தப் பை கொளுக்கியிலை தொங்கினது எண்டு நான் கேக்கேல்லை.

அடுத்த ஞாயிறு நீயும் வா எண்டு அவவைக் கேட்டிருக்கலாம். சத்தியமாய், கேக்கத்தான் நினைச்சன். ஆனால் கேட்டால் முதல் சொன்னது பொய்யெண்டு ஒத்துக்கொண்டதாகுமே எண்ட ஒரு அற்பக் கணக்கு. அதாலை அந்த வருசம் நடையையே நிப்பாட்டினன். வெயில் ஏறியிட்டுது எண்டன். வெயில் அப்பிடி ஒண்டும் ஏறேல்லை. என்ரை மானத்தைக் காப்பாத்த அவவின்ரை கடைசி நல்ல பங்குனியை நான் வீணாக்கினன். ஆவணிக்குள்ளை அவவுக்கு முழங்கால் வீங்கத் தொடங்கினது. மார்கழியிலை ஊண்டி நடக்கப் பொல்லு வந்திட்டுது. தோட்டத்துக்குப் போறதை விட்டா, பிறகு கிணத்தடிக்குப் போறதும் குறைஞ்சது.

இந்த மாசியிலை ஒரு வெள்ளிக்கிழமை நான் போய் அவவின்ரை கட்டிலடியிலை நிண்டு, "ஞாயிறு தொண்டைமானாத்துக்குப் போறம் அக்கா. நீயும் வாறியே?" எண்டு கேட்டன். ரெண்டு வருசத்துக்கு முதல் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

"வாறன்" எண்டா.

ஞாயிறு காலமை அதே நூல்சீலை. நானும் மனிசியும் ரெண்டு பக்கமும் பிடிச்சுப் பின் சீற்றிலை ஏத்தினம். கார் கேற்றைத் தாண்டேக்கை, "கல்லுக் கிடக்கோ?" எண்டு கேட்டா. கிடக்கு எண்டன்.

பாலத்தைத் தாண்டி, காரை எவ்வளவு தூரம் கொண்டு போகலாமோ அவ்வளவு தூரம் கொண்டு போய் ஒரு மரநிழலிலை விட்டன். அங்கையிருந்து பார்த்தால் தண்ணிக்கு அங்காலை, தூரத்திலை, இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. அவ்வளவுதான் தெரியும். காலும், கழுத்தும், எல்லாம் ஒண்டாய்த் தலையைத் திருப்புறதும் பார்க்கிறதெண்டால் வரம்பாலை நடக்கவேணும். அக்கா கார்க் கண்ணாடியை இறக்கி, கையை நெத்தியிலை வைச்சுப் பார்த்தா.

"அந்தா தெரியுது. வடிவாய்த்தான் இருக்கு" எண்டா.

எனக்குத் தாங்கேல்லை. மனிசி இறங்கி முன்னுக்குப் போனபிறகு, நான் கார்க்கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, "அக்கா, அந்த மூண்டு பேர்க் கதை" எண்டு தொடங்கினன்.

"தெரியும்" எண்டா, பறவையளைப் பார்த்தபடி. "நீ சொன்ன அண்டைக்கே தெரியும். பல்லி சொன்னாலே பல்லைக் காட்டுறவன் நீ."

"பிறகேன் கல்லை எடுத்து வைச்சனி?"

"அடுத்த கிழமையும் நீ வந்து அந்தச் சாட்டைச் சொல்லுவாய் எண்டு நினைச்சன். சொன்னால், இந்தா கல்லு எண்டு எடுத்துக் காட்டிப்போட்டுக் காரிலை ஏறுவம் எண்டுதான் வைச்சிருந்தன்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னா, "நீ பிறகு சாட்டுக்கூடச் சொல்லேல்லையடா."

மன்னிச்சுக்கொள் எண்டு சொல்லுற பழக்கம் எங்கடை வீட்டிலை இல்லை. அண்டைக்கு அது இருந்திருக்கலாம்.

"போ" எண்டா. "உன்ரை மனிசி தனிய நடக்கிறாள். வெயில் ஏற முன்னம் போட்டு வாங்கோ. எனக்கு இஞ்சை காத்து வருது."

நான் போனன். அவவுக்குப் பக்கத்திலை நிக்க எனக்கு முகம் இல்லை. வரம்பாலை ஒரு மைல் நடந்து, பறவையளுக்குக் கிட்டப் போய், போனை எடுத்து, அவவுக்குக் காட்ட எண்டு படம் எடுத்தன்.